கையளவு பிள்ளைக்கு ஒரு சட்டம்

அக்கா,

உங்கள் தொப்பி என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. டுசல்டோர்ஃபில் இருக்கும் உங்கள் தம்பி உங்கள் அறையைக் காலி செய்தபோது, "இதை எறிய மனம் வரேல்லை, நீங்கள் வைச்சிருங்கோ" என்று ஒரு வரி எழுதி அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார். கருநீலக் கம்பளித் தொப்பி. பெட்டியைத் திறந்ததும் முதலில் பூச்சி உருண்டை வாசனை வந்தது. தொப்பியை எடுத்து உள்பக்கத்தை முகர்ந்து பார்த்தேன், அங்கே உங்கள் தேங்காயெண்ணெய். நீங்கள் போனபோது எல்லோர் முன்னாலும் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றவள், அடுப்பில் பருப்பு தீய்வதுகூடத் தெரியாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

சட்டமன்றத்துக்குப் போகத் தொப்பி வேண்டும் என்று முடிவு செய்தது நீங்கள்தான். உங்கள் தேவாலயச் சபைப் பெண்கள் எல்லோரும் தொப்பியோடு வருவார்கள், நான் மட்டும் வெறுந்தலையோடு நிற்பதா என்றீர்கள். சேலை, அதன்மேல் குளிர்காலக் கோட்டு, தலையில் கொண்டை, கொண்டைமேல் தொப்பி. கடைக்காரப் பெண் எந்தப் பக்கம் சாய்த்து வைத்தாலும் அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. "கொண்டையை அவுத்துடுங்கக்கா" என்றேன். "கொண்டையில்லாட்டி நான் ஆர்?" என்று கேட்டுவிட்டு, நீளமான ஊசி ஒன்று வாங்கித் தொப்பியைக் கொண்டையோடு சேர்த்துக் குத்திக்கொண்டீர்கள். கண்ணாடியில் பார்த்து நீங்களே சிரித்தீர்கள். நான் கடை அதிரச் சிரித்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அறுபதுகளின் கடைசி. என் கணவருக்கு இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி. நான் கும்பகோணத்திலிருந்து புதிதாக வந்தவள். ஜெர்மன் மொழியில் எனக்குத் தெரிந்தது வணக்கமும் உருளைக்கிழங்கும்தான். ஆறாம் மாதத்தில் வலி வந்துவிட்டது. மருத்துவமனையில் எல்லாம் முடிந்தபின், ஒரு எனாமல் பாத்திரத்தை வெள்ளைத் துணியால் மூடி யாரோ எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். என் குழந்தை எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டேன். டாக்டர் நல்ல மனிதர், என் தோளைத் தொட்டு, "அதைப்பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், மருத்துவமனை பார்த்துக்கொள்ளும்" என்றார். எனக்கு இரக்கம் காட்டுவதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

அவர் போனபிறகு, வெள்ளைத் தலையணி போட்ட கறுத்த நர்ஸ் ஒருத்தி கட்டிலருகே வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று கதவைப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் யாழ்ப்பாணம். நீர் எந்த ஊர்?" என்றாள். அது நீங்கள்.

கணவரைத் தவிர வேறு வாயிலிருந்து மாதக்கணக்கில் தமிழ் கேட்காதவள் நான். என் பதிலுக்குக் காத்திராமல் நீங்களே சொன்னீர்கள். "பொம்பிளைப் பிள்ளை. நல்ல நெத்தி, உம்மட நெத்தி. நான் கழுவித் துடைச்சு, என்ர லேஞ்சியிலை சுத்தித்தான் குடுத்தனான். அதுக்கு மேலை என்னால ஏலாமப் போச்சுது." லேஞ்சி என்றால் கைக்குட்டை என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் மகளை யாரோ ஒருத்தி பார்த்திருக்கிறாள், அவள் நெற்றியைப் பார்த்திருக்கிறாள் என்பது விளங்கியது. எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டேன். "அதைக் கேளாதேயும்" என்றீர்கள். நீங்கள் என்னிடம் பதில் சொல்ல மறுத்த ஒரே கேள்வி அதுதான்.

எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை. ஆற்றங்கரையில் குழி வெட்டி, பால் ஊற்றிப் புதைப்பார்கள். நான் அன்றைக்குக் கேட்டதெல்லாம் அதைத்தான். "எனக்கு ஒரு குழி வேணும்க்கா, கையளவு போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை, நீங்கள் பிறகு சொன்னது.

நான் வீட்டுக்கு வந்தபின் நீங்களும் வேலை முடிந்ததும் வந்து போகத் தொடங்கினீர்கள். சொதி வைப்பீர்கள், என்னைச் சாப்பிட வைப்பீர்கள், என் பிள்ளையார் படத்துக்கு நான் விளக்கேற்றும்போது எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொள்வீர்கள். உங்கள் விசுவாசத்தில் நீங்கள் ஒரு அங்குலம் தளர்ந்து நான் பார்த்ததில்லை. என்னை உங்கள் பக்கம் இழுக்கவும் இல்லை. ஒருநாள் சொதி கொதிக்கும்போது எரிச்சலில் கேட்டேன், "ஏங்க்கா, எவன் போட்ட ரூல் இது?"

நீங்கள் நிதானமாக விளக்கினீர்கள். உயிரோடு பிறந்தால் குழந்தை. இறந்து பிறந்தாலும் ஒரு குறிப்பிட்ட நீளம் இருந்தால் அது பிரேதம், அடக்கம் செய்ய வேண்டும். அந்த நீளத்துக்குக் குறைந்தால் சட்டத்தில் அதற்குப் பெயரே கிடையாது. பெயரில்லாத ஒன்றுக்குக் கல்லறைத் தோட்டத்தில் எந்த அதிகாரி இடம் கொடுப்பான்? "டொக்டர்மாரைப் பிழை சொல்லக் கூடாது, பிள்ளை. அவையும் பாவம். சட்டம் அப்பிடி."

"அந்தச் சட்டத்தை யார் மாத்துறது?" என்று வெடித்தேன். நான் பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. நீங்களோ அகப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

உங்கள் சபையில் ஒரு பெண்கள் வட்டம் இருந்தது. காலமான போதகர் ஒருவரின் மனைவி, ஃபிராவ் லிண்டர், அதற்குத் தலைவி. மாநிலச் சட்டமன்றத்தில் எந்த மசோதா வந்தாலும் அச்சிட்ட தாளை வரவழைத்து, கேக் தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து வாசிக்கும் அம்மாள். ஞாயிறு ஆராதனை நேரத்தில் கால்பந்துப் போட்டி கூடாது, பெரிய வெள்ளியன்று நடன மண்டபங்கள் திறக்கக் கூடாது, பள்ளியில் காலை ஜெபத்தை எடுக்கக் கூடாது என்றெல்லாம் மனு எழுதுவார்கள். நான் உங்களைச் சீண்டுவேன். "ஊர்ல எவனோ ஆடிட்டுப் போறான், உங்களுக்கென்னக்கா?" உங்களுக்குக் கோபமே வராது. "வருசத்திலை ஒரு நாள் ஆடாமல் இருந்தால் கால் என்ன தேய்ஞ்சா போகும்?" என்பீர்கள். அந்த விஷயத்தில் கடைசிவரை நான் உங்கள் கட்சி இல்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் மாநிலத்தில் அடக்கச் சட்டத்தைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பழைய சிற்றரசர்கள் காலத்து விதிகள் வட்டாரத்துக்கு ஒன்றாகக் கிடந்தன, எல்லாவற்றையும் ஒன்றாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. ஃபிராவ் லிண்டர் அந்த மசோதாவை வாசித்த மாலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். கல்லறைச் சுவரின் உயரம் முதற்கொண்டு அதில் இருந்தது. அந்தச் சின்னஞ்சிறிசுகளுக்கு ஒரே ஒரு வரி. பொருத்தமான முறையில் அகற்றப்பட வேண்டுமாம். அம்மாள் அடுத்த வரிக்குக் கோலை நகர்த்தப் போனார். நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"அகற்றுவது யார் என்று அதில் எழுதவில்லையே" என்று உங்கள் ஜெர்மனில் சொன்னீர்கள். ஜெர்மன் பேசினாலும் உங்கள் வாயில் அது யாழ்ப்பாணத்துக் கிணற்றடியிலிருந்து வருவது போலத்தான் இருக்கும். "நான்தான் அகற்றுகிறேன். இந்தக் கைதான்."

அந்த மேசையில் ஒருவரும் கேக்கைத் தொடவில்லை. பிறகு ஃபிராவ் லிண்டர் கேட்டார், மனு கொடுப்போமா என்று. உங்களுக்கு ஓட்டு இல்லை, எனக்கும் இல்லை, நாம் வெளிநாட்டார். அம்மாள் எழுந்துபோய் நாட்டின் அடிப்படைச் சட்டத்தை எடுத்துவந்து, மனுக்கொடுக்கும் உரிமை பற்றிய வரியில் விரலை வைத்தார். "ஒவ்வொருவருக்கும் என்று இருக்கிறது. ஒவ்வொரு ஜெர்மானியருக்கும் என்று இல்லை. பார்த்துக்கொள்ளுங்கள்." நீங்கள் என் பக்கம் திரும்பித் தமிழில், "கேட்டீரோ பிள்ளை? எங்களையும் சேர்த்துத்தான் எழுதி வைச்சிருக்கினம்" என்றீர்கள். உங்கள் கண் அப்படி மின்னியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் அன்றைக்குப் பெரிய ரகளை. அவருக்குப் பயம். "வெளிநாட்டார் ஆபீஸ்ல பர்மிட் நீட்டிக்க நிக்கறவன் நான். வந்த இடத்துல நமக்கு பாலிடிக்ஸ் எதுக்கு?" என்று கத்தினார். நீங்கள் அவர் பேசி முடிக்கும்வரை கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டு, "தம்பி, இது பொலிற்றிக்ஸ் இல்லை. உங்கட பிள்ளை" என்றீர்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வந்து, மனுவில் என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அவர் எங்கள் மகளுக்காக அழுததை நான் பார்த்தது அப்போதுதான்.

மனுவைக் கொடுத்துவிட்டோம், இனி பதில் வரும் என்று நாங்கள் இருந்தோம். உங்களுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மனுவை விசாரிக்கும் சட்டமன்றக் குழு உறுப்பினர்களின் பெயர்களை ஃபிராவ் லிண்டரிடம் கேட்டு மனப்பாடம் செய்தீர்கள். ஒவ்வொரு மாலையும் பெயர் சொல்லி அவர்களுக்காக ஜெபித்தீர்கள், எங்களுக்கு எதிர்ப்பு என்று தெரிந்தவர்களுக்கும் சேர்த்து. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த கூட்டத்தில் போய், ஜெபக்குறிப்பு இல்லாமல் எப்படி ஜெபிப்பது, அவர்களிடமே கேட்டுவிடுவோம் என்றீர்கள். உங்கள் ஊர்ச் சபைகளில் அது வழக்கம்தானே. ஒரு வீட்டுக்குப் போனால் போதகர் முதலில், உங்கள் வீட்டில் என்ன கஷ்டம், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்பார் என்று எனக்கே நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

ஃபிராவ் லிண்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு மக்கள் பிரதிநிதியிடம் போய் உன் வீட்டுக் கஷ்டம் என்ன என்று கேட்பதா? இந்த நாட்டில் விசுவாசம் என்பது கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம். அவமதிப்பாகிவிடும், அழுத்தம் கொடுக்கிறோம் என்பார்கள், மனுவே கெட்டுவிடும் என்றார். நானும் அவர் பக்கம்தான். "வேண்டாம்க்கா, சிரிப்பாங்க" என்றேன். "சிரிக்கட்டுமன். ஆளைத் தெரியாமல் ஆளிட்டைச் சட்டம் கேக்கிறது எனக்கு மரியாதையாப் படேல்லை" என்றீர்கள்.

அப்படித்தான் இந்தத் தொப்பியோடு தலைநகருக்கு ரயிலேறினோம். மனு கொடுத்தவர்களைக் குழு நேரில் கேட்கும் நாள். வெளியே மேலங்கிகள் தொங்கவிடும் இடத்தில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். ஃபிராவ் லிண்டர் தடுப்பதற்குள் நீங்கள் முன்னால் போய், கை கொடுத்து, பெயர் சொல்லி வணங்கி, "நான் தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறேன். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்" என்று கேட்டுவிட்டீர்கள். ஒருவர் மேலங்கியை எடுத்துக்கொண்டு நழுவினார். ஒருவர் உங்களுக்கு மொழி சரியாக வரவில்லை என்று நினைத்துக் கழிப்பறைக்கு வழி காட்டினார். எனக்கு அந்தப் பளிங்குத் தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

கடைசியாக வந்தார் குழு உறுப்பினரான ஒரு வழக்கறிஞர். எங்களுக்கு எதிர்ப்பக்கம். சபைகள் சட்டத்தில் கைவைப்பது அவருக்குப் பிடிக்காது, கூட்டங்களில் காரமாகப் பேசுகிறவர் என்று ஃபிராவ் லிண்டர் எச்சரித்திருந்தார். உங்களை மேலிருந்து கீழே பார்த்தார். சேலை, கோட்டு, தொப்பி, ஊசி.

"நீங்கள் எனக்கு எதிராக ஜெபிப்பீர்கள் என்றுதான் நினைத்தேன்."

"இல்லை ஐயா. உங்களுக்கு எதிராக மனுவில் எழுதியிருக்கிறோம். அது போதும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. போரிலிருந்து வந்த நாள்முதல் வருவதில்லை. அதற்கு ஏதாவது செய்ய முடிந்தால் செய்யுங்கள்." கேலியாகத்தான் சொன்னார். நீங்கள் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "எந்நேரத்துக்குப் படுப்பீர்கள்?" என்று நர்ஸ் கேட்பது மாதிரி கேட்டீர்கள். அந்த மனிதரும் பதில் சொன்னார், அக்கா. என் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

உள்ளே ஃபிராவ் லிண்டர் நன்றாகப் பேசினார். சட்டப்படி, ஒழுங்காக. பிறகு அந்த வழக்கறிஞர் பேனாவை மூடிவைத்துவிட்டு நேராக உங்களைக் கேட்டார். கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றி நாடு முழுக்கச் சண்டை ஆரம்பித்திருந்த நேரம் அது. "உண்மையைச் சொல்லுங்கள். வயிற்றில் இருப்பதும் ஒரு ஆள்தான் என்று சட்டத்தைப் பின்வாசல் வழியாகச் சொல்லவைக்கத்தானே இந்த மனு?"

ஃபிராவ் லிண்டர் உங்கள் முழங்கையைத் தொட்டார், நீங்கள் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பதற்காக. நானும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன், பிள்ளையாரிடம்.

"ஆள்தான் என்று நான் நம்புகிறேன்" என்றீர்கள். "அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் நான் இங்கே கேட்க வந்தது அதுவல்ல." பிறகு தமிழில் நினைத்து ஜெர்மனில் தேடித் தேடிச் சொன்னீர்கள். நான் அதை மறக்கவில்லை. "என் வார்டில் ஒரு தாய் கண் விழித்து, எங்கே என்று கேட்பாள். எல்லோரும் கேட்பார்கள். விசுவாசி கேட்பாள், விசுவாசம் இல்லாதவளும் கேட்பாள், இதோ என் பக்கத்தில் இருக்கிற இந்து சிநேகிதியும் கேட்டாள். டாக்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் சட்டம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்தத் தாயிடம் நான் என்ன சொல்ல? அதற்குச் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்கத்தான் வந்தேன்."

வழக்கறிஞர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை, நேராகப் பார்த்தேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ஒட்டிக்கொண்டிருக்கும்.

திரும்பும் ரயிலில் ஃபிராவ் லிண்டர் மசோதாத் தாளை மடித்துப் பைக்குள் திணித்துவிட்டார். எல்லாம் போயிற்று என்று அவர் நினைத்தார். வாரங்கள் கழித்துக் குழுவிடமிருந்து மாற்றிய வாசகம் வந்தது. அதை எழுதியவர் அந்த வழக்கறிஞர். பெற்றோர் விரும்பினால் அடக்கம் அனுமதிக்கப்பட வேண்டும், எந்தக் கல்லறைத் தோட்டமும் மறுக்கக் கூடாது.

அதற்கும் வட்டத்தில் சண்டை வந்ததே, நினைவிருக்கிறதா? விரும்பினால் என்பது போதாது, எல்லாப் பிள்ளைகளையும் கட்டாயம் அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டு அந்த வாசகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள் பாதிப்பேர். பாதிச் சட்டம் சட்டமா என்றார்கள். நீங்களும் அவர்கள் பக்கம்தான் இருப்பீர்கள் என்று நினைத்தேன், உங்கள் கொள்கை அப்படி. நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "வார்டில் சில தாய்மார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். பார்க்கவும் கேட்கவும் மாட்டார்கள். அவர்களை எழுப்பிக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போக நான் மாட்டேன்." வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம், "அழுகிறவளிட்டைக் கட்டளை போட ஏலாது, பிள்ளை. கேக்கத்தான் ஏலும்" என்றீர்கள். உங்களைப் பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்த என் எண்ணத்தில் அன்றைக்கு மண் விழுந்தது.

வாக்கெடுப்பு நாளன்று நாம் பார்வையாளர் மாடத்தில் இருந்தோம். கீழே அரைவட்டமாக மனிதர்கள், பெரும்பாலும் ஆண்கள், கனத்த உடம்புகள், நரைத்த தலைகள். பன்றி வளர்ப்புக்கு ஏதோ உதவித்தொகை பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. பிறகு தலைவர் அடக்கச் சட்டத்தின் பெயரைச் சொல்லி, ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கட்டும் என்றார்.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அக்கா, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, நடுவில் இருப்பவர்கள். அந்த வழக்கறிஞர் எழுந்தார். கழிப்பறைக்கு வழி காட்டியவரும் எழுந்தார். என் இரு கைகளில் அடங்கியிருக்கக்கூடிய, நான் பார்த்தேயிராத என் மகளுக்காக, முகம் தெரியாத அத்தனை பெரிய மனிதர்களும் எழுந்து நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயில் கருவறையில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை, அதை உங்களிடம் சொன்னால் நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், அதனாலேயே சொல்லவில்லை. மாடத்தில் கைதட்டக் கூடாது என்று காவலர் சொல்லியிருந்தார். நீங்களும் எழுந்து நின்றீர்கள். உங்களுக்கு அங்கே ஓட்டு இல்லை, ஆனாலும் நின்றீர்கள். காவலர் உட்காரச் சொல்லி சைகை காட்டினார். நான் அவரை ஒரு முறை முறைத்தேன், அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வெளியே படியில் வழக்கறிஞர் வந்து உங்களுக்குக் கை கொடுத்தார். "அம்மா, ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை."

"நான் இன்னும் நிறுத்தவில்லை" என்றீர்கள்.

அவர் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் நீங்கள் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்ததை நான் அறிவேன். அவர் தேர்தலில் தோற்ற பிறகும், வேறு ஊருக்குப் போன பிறகும். மனிதர் தூங்கினாரா என்று நமக்குத் தெரியவே இல்லை.

சபை தன் கல்லறைத் தோட்டத்தில் சுவரோரமாக ஒரு துண்டு நிலம் ஒதுக்கியது. முதல் அடக்கத்துக்கு என்னையும் வரச் சொன்னீர்கள். எலுமிச்சை நிறக் கோட்டுப் போட்ட ஒரு ஜெர்மன் பெண்ணும் அவள் கணவனும். எனக்கு அவர்களைத் தெரியாது. எல்லோரும் மண் போட்டபின் நீங்கள் என் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்து, "போடும். இது எல்லாருக்கும்தான்" என்றீர்கள். நான் கைப்பையில் சின்னப் போத்தலில் பால் கொண்டுவந்திருந்தேன், உங்களிடம் சொல்லாமல். ஊற்றலாமா என்று கண்ணால் கேட்டேன். நீங்கள் போதகரைப் பார்த்தீர்கள், பிறகு அவர் பார்வைக்கு முன்னால் உங்கள் கோட்டை விரித்துக்கொண்டு நின்றீர்கள். அந்த மறைவில் ஊற்றினேன்.

போன பனிக்காலத்தில் நோய் உங்களைச் சீக்கிரமாகவே கொண்டுபோய்விட்டது. நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. கடைசி நாட்களில் உங்கள் வார்டு நர்ஸ்களே உங்களைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களிடம்கூட, உங்களுக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டுக்கொண்டு கிடந்தீர்கள். உங்கள் கொள்கைகளில் பாதியோடு நான் இன்னும் சண்டைதான். ஆனால் யாரிடம் எதைக் கேட்கப் போனாலும், கேட்குமுன் அந்த மனிதருக்கு இரவில் தூக்கம் வருமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கிற பழக்கம் எனக்கு உங்களால் வந்தது. ஜெபம் என்று நான் அதைச் சொல்லமாட்டேன், நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குத் தொப்பி மட்டும் காரணமில்லை. முந்தாநாள் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. இலங்கையிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி, ஜெர்மனும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, ஐந்தாம் மாதம், பிள்ளை தங்கவில்லை. முன்பு இங்கே உங்கள் மொழி பேசும் சிஸ்டர் ஒருவர் இருந்தாராம், இப்போது இல்லை, நீங்கள் வந்து மொழிபெயர்க்க முடியுமா என்றார்கள். போட்டது போட்டபடி ஓடினேன்.

அதே மாடி, அதே ஜன்னல். அந்தப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் புதியவள், இருபத்திரண்டு வயது இருக்கலாம், நல்ல முகம். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி, வெகு இயல்பாக என்னிடம், "குழந்தையை எங்கே அடக்கம் செய்ய விரும்புகிறார் என்று கேளுங்கள்" என்றாள். இதை எப்போதும் கேட்டுவந்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கேள்வியை அவள் வாயில் யார் வைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நான் பேச வாயெடுத்தேன். என் கும்பகோணத்துத் தமிழ் வரவில்லை.

"பிள்ளை" என்றேன். "உம்மட பிள்ளையை எங்கை அடக்கம் செய்ய வேணும் எண்டு கேக்கினம். நீர் சொல்லும். நீர் சொல்லுறதுதான் இஞ்சை சட்டம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்கள் யாழ்ப்பாணமோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.